சுத்தமான நீரும் சுகம் தரும் நீரும்

புகழனைத்தும் அல்லாஹுத் தஆலாவுக்கே உரியன. அவனே வானிலிருந்து நீரை இறக்கி, செத்த பூமிக்கு உயிர் கொடுத்தான். அந்நீரைக் கொண்டே நம்மைச் சுத்தப்படுத்தி, தன் சன்னிதானத்தில் நிற்கும் தகுதியையும் அளித்தான். ஸலவாத்தும் ஸலாமும் அவன் திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



வடசென்னை வியாசர்பாடியில் மகாகவி பாரதி நகர் என்னும் குடியிருப்பு இருக்கிறது. எம்.கே.பி. நகர் என்று சுருக்கிச் சொன்னால்தான் பலருக்கும் தெரியும். அப்பகுதிச் சகோதரர்கள் சிலர் நம்மிடம் இரண்டு மஸ்அலாக்கள் கேட்டார்கள். குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் சில நாள் செந்நிறமாக வருகிறது. சில நாள் சாக்கடை வாடை வீசுகிறது. சற்று நேரம் விட்டால் தெளிந்துவிடுகிறது. இத்தண்ணீரில் உளூ கூடுமா என்பது முதல் கேள்வி. தெளிந்த தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுப்பதில் குற்றம் உண்டா என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்வியைக் கேட்பவர்கள் அநேகர். இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. உளூவுக்கு ஆகும் என்றால் குடிப்பதற்கும் ஆகும் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிக் கொண்டிருப்பதே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் ஷரீஅத்தின்படியும் சரியல்ல, அனுபவத்தின்படியும் சரியல்ல. இவ்விதழில் நாம் விளக்க விரும்புவது இதனைத்தான்.

உளூவின் சட்டம்

நீரின் சுத்தத்தை அறிய நம் இமாம்கள் மூன்று அடையாளங்களைக் கூறியுள்ளார்கள். நிறம், சுவை, வாடை என்பனவே அவை. ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரண்டு குல்லத்து அளவுள்ள நீர், அதாவது ஏறத்தாழ இருநூறு லிட்டரும் அதற்கு மேலும் உள்ள நீர், அசுத்தம் விழுந்து இம்மூன்றில் ஒன்று மாறினாலன்றி நஜீஸாகாது. சாக்கடை கலந்து வாடையோ நிறமோ மாறிவிட்டது என்று தெரிந்தால் அது எவ்வளவு அதிகமான நீரானாலும் நஜீஸ்தான். அதில் உளூவும் கூடாது, குளிப்பும் கூடாது. அது பட்ட உடையையும் கழுவ வேண்டும்.

துருவினால் சிவந்த நீரின் சட்டம் வேறு. நீர் தங்கும் இடத்திலும் ஓடும் வழியிலும் உள்ள பொருட்களால் ஏற்படும் மாறுதல், உளூவுக்குத் தடையாகாது. சேறு, பாசி, கந்தகம் முதலியவற்றை நம் ஃபிக்ஹுக் கிதாபுகள் இதற்கு உதாரணமாகக் கூறுகின்றன. பாஷாணக் கல்லின் மீது ஓடி வரும் நீரும் இவ்வரிசையிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. மத்ரஸாவில் ஓதிய எவருக்கும் இது தெரியும். பாஷாணத்தின் மீது ஓடிய நீரில் உளூக் கூடும் என்று எழுதிய இமாம்கள், அதனைப் பாலில் கலந்து குழந்தைக்குப் புகட்டலாம் என்று எழுதவில்லை! சுத்தம் என்பது ஒரு சட்டம். தீங்கற்றது என்பது மற்றொரு சட்டம்.

குடிப்பதன் சட்டம்

இவ்விரண்டு சட்டங்களும் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே தனித்தனியே விளங்குகின்றன. மதீனாவில் புளாஆ என்றொரு கிணறு இருந்தது. தாழ்ந்த இடத்தில் இருந்தமையால் ஊரின் கழிவுகள் அதில் வந்து விழும். அதில் உளூச் செய்யலாமா என்று தோழர்கள் கேட்டபோது, நீர் சுத்தமானது, அதனை எதுவும் அசுத்தமாக்காது என்னும் கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். அபூ ஸயீத் அல்-குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இது.

அதே மதீனாவில்தான், நாயகம் (ஸல்) அவர்கள் அருந்துவதற்காக ஸுக்யா என்னுமிடத்திலிருந்து இனிய நீர் கொண்டுவரப்பட்டது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அது மதீனாவிலிருந்து இரண்டு நாள் பயணத் தூரத்தில் உள்ள ஊற்று என்று அந்த ஹதீஸை அறிவித்த குதைபா (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். அபூ தல்ஹா (ரலி) அவர்களின் தோட்டத்திலிருந்த நல்ல நீரையும் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பி அருந்தியதுண்டு. உளூவுக்கு அருகிலுள்ள கிணறு போதும். குடிப்பதற்கோ தேடிச் சென்று நல்ல நீர் கொண்டுவருவது ஸுன்னத்துக்கு ஒத்தது என்பது இதனால் தெளிவாகிறது.

நீரில் உலோகம் கலப்பதைப் பற்றியும் நம் முன்னோர்கள் சிந்தித்திருக்கிறார்கள். வெப்ப நாடுகளில் செம்பு, இரும்பு, காரீயம் போன்ற உலோகப் பாத்திரத்தில் வைத்து வெயிலில் சூடேறிய நீரை உடலுக்குப் பயன்படுத்துவது மக்ரூஹ் என்று ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளில் காண்கிறோம். சூட்டினால் உலோகத்திலிருந்து ஒருவித அழுக்குப் பிரிந்து நீரில் மிதக்கும், அது உடலுக்குத் தீங்கு செய்யும் என்பதே அவர்கள் கூறிய காரணம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், மருத்துவக் காரணம் இருந்தாலன்றி இதனைத் தாம் வெறுக்கவில்லை என்று கூறினார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ இந்தக் கராஹத்துக்குப் பலமான ஆதாரம் இல்லை என்று தம் மஜ்மூஉ நூலில் முடிவு கண்டார்கள். இதில் எது பலமான சொல் என்பது வேறு விவாதம். பாத்திரத்தின் உலோகம் நீரில் இறங்கும், நீர் சுத்தமாக இருந்தும் தீங்கு செய்யக்கூடும், அதற்கு மருத்துவரின் சொல்லைக் கேட்க வேண்டும் என்னும் மூன்று உண்மைகளையும் அவர்கள் அன்றே ஒப்புக்கொண்டார்கள் என்பதே நாம் கவனிக்கத் தக்கது.

கண்ணுக்குத் தெரியாத காரீயம்

தமிழில் ஈயம் என்ற ஒரு சொல்லால் இரண்டு உலோகங்களைக் குறிப்பிடுகிறோம். ரசம் வைக்கும் சொம்பும், பிரியாணி தேக்சாவுக்குப் பூசும் கலாயும் வெள்ளீயம். பேட்டரியில் உள்ளது காரீயம். வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயம் கலந்து பூசுவோரும் உண்டு. நாம் இங்கே பேசுவது காரீயத்தைப் பற்றி.

சாக்கடை கலந்தால் மூக்கு சொல்லும். துரு கலந்தால் கண் சொல்லும். காரீயம் நீரில் கலந்தால் நிறமும் மாறாது, சுவையும் மாறாது, வாடையும் வராது. ஃபிக்ஹு கூறும் மூன்று அடையாளங்களாலும் அதனைப் பிடிக்க முடியாது. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், காரீயம் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, மிஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (2012) ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராம் காரீயத்துக்கு மேல் இருக்கலாகாது என்று வரையறுத்துள்ளது. இதற்குச் சலுகை அளவு எதுவும் இல்லை. இந்த அளவு எவ்வளவு சிறிது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். மாடியில் வைத்திருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி முழுவதற்கும் பத்து மில்லிகிராம்தான் எல்லை. அது ஓர் அரிசி மணியின் எடையில் ஏறத்தாழப் பாதி!

உட்கொண்ட காரீயத்தில், பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் நான்கு ஐந்து மடங்கு அதிகமாக ஏற்றுக்கொள்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது மூளையைப் பாதிக்கும். எலும்பில் போய்த் தங்கும். தாய் கருவுறும்போது அவள் எலும்பிலிருந்து வெளிப்பட்டு வயிற்றிலுள்ள சிசுவையும் அடையும். இன்ன அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்துக்கு இல்லை என்பதும் அந்நிறுவனத்தின் முடிவு.

ஒரு சிறு நகரம் கற்றுத் தந்த பாடம்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளின்ட் என்றொரு நகரம் உள்ளது. 2014இல் அதன் மக்கள் தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். பெரும்பாலும் கறுப்பு இன மக்கள். ஏழைகள் மிகுந்த ஊர். செலவைக் குறைக்கும் பொருட்டு 2014 ஏப்ரலில் அந்நகரத்தின் குடிநீரை டெட்ராய்ட் நகர நீரிலிருந்து ஃப்ளின்ட் ஆற்று நீருக்கு மாற்றினார்கள். அந்நீர் குழாயை அரிக்கும் தன்மையுடையது. அரிப்பைத் தடுக்கும் மருந்தை அதில் சேர்க்கவில்லை. வீடுகளுக்குச் செல்லும் பழைய காரீயக் குழாய்கள் அரிக்கப்பட்டு, விஷம் நீரில் இறங்கியது. ஆற்றிலிருந்து எடுத்தபோது அந்நீரில் இல்லாத காரீயம், வழியிலுள்ள குழாயில் சேர்ந்தது.

மக்கள் கலங்கிய நீரைப் புட்டிகளில் ஏந்தி வந்து முறையிட்டார்கள். நீர் பாதுகாப்பானது என்றே அதிகாரிகள் பதில் சொன்னார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின் தொழிற்சாலை, இந்நீரால் இயந்திரப் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அதனை நிறுத்தி வேறு நீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத நீரை அதற்குப் பின்னும் ஓராண்டு காலம் குழந்தைகள் குடித்தார்கள். 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா-அத்திஷா என்னும் குழந்தை மருத்துவர், பிள்ளைகளின் இரத்தத்தில் காரீயம் கூடியிருப்பதைக் கணக்கோடு வெளியிட்ட பிறகே, அக்டோபரில் பழைய நீருக்குத் திரும்பினார்கள். 2021இல் ஏறத்தாழ 62 கோடியே 60 லட்சம் டாலர் நஷ்டஈட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. பணம் வந்தது, பிள்ளைகளின் மூளையில் பட்ட காயத்தைப் பணம் ஆற்றுமா?

சென்னைப் பிள்ளைகள்

இது அமெரிக்காவின் கதைதானே என்று யாரும் இருந்துவிட வேண்டாம். சென்னையில் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 756 பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சராசரி 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. 3.5 மைக்ரோகிராம் கண்டாலே கவனிக்க வேண்டும் என்பது 2021 முதல் அமெரிக்க அரசின் அளவுகோல். இரத்தத்தில் காரீயம் கூடியிருந்த பிள்ளைகளிடம் கவனச் சிதறலும், பதற்றமும், பிறரோடு பழகுவதில் சிக்கலும் கூடியிருந்ததை அவ்வாய்வு கண்டது. அவர்கள் உடலில் சேர்ந்த காரீயம் முழுவதும் குடிநீரால் வந்ததன்று; பெட்ரோல் புகை, பெயிண்ட், தூசி, பாத்திரம் எனப் பல வாயில்கள் அதற்கு உண்டு. இந்திய நாடெங்கும் காரீயமில்லாத பெட்ரோல் வந்தது 2000ஆம் ஆண்டில்தான். எனினும் எந்த வாயிலாக வந்தாலும் எல்லாம் ஒரே உடலில்தான் சேருகிறது.

மக்தபு உஸ்தாதுமார்களும் பெற்றோர்களும் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறோம். நேற்று ஓதிய பாடத்தை இன்று மறந்துவிடும் பிள்ளை, ஓரிடத்தில் உட்காராத பிள்ளை, சொல்லச் சொல்லக் கேளாத பிள்ளை எல்லா மக்தபிலும் உண்டு. சோம்பேறி என்றும் மக்கு என்றும் திட்டுகிறோம். சிலர் பிரம்பையும் எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் என்ன குடிக்கிறது என்று எவராவது கேட்டதுண்டா? எல்லா மறதிக்கும் காரீயம்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. பிரம்பை எடுக்கும் முன் டம்ளரைப் பார்க்க வேண்டும் என்றே சொல்கிறோம்.

எங்கிருந்து வருகிறது?

பித்தளையைக் கடைவது எளிதாகும் பொருட்டு அதில் காரீயம் கலப்பது தொழிலில் உள்ள வழக்கம். மலிவான பித்தளைக் குழாயில் இரவு முழுதும் தேங்கிய நீர், காலையில் அந்தக் காரீயத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. பிளாஸ்டிக் குழாய்களை உறுதிப்படுத்தவும் காரீயச் சேர்மானங்களைப் பயன்படுத்தி வந்தார்கள்; அதனைப் படிப்படியாக நிறுத்த மத்திய அரசு 2021இல் விதிகள் செய்தது. ஆயினும் அதற்கு முன் பதித்த குழாய்கள் சுவருக்குள் அப்படியே இருக்கின்றன. குளிர்நீர்ப் பெட்டிகளும் விதிவிலக்கல்ல. சிலவற்றின் உள்தொட்டியில் காரீயம் பூசியிருந்தது தெரிந்து, அவற்றைத் திரும்பப் பெற அமெரிக்கா 1988இல் சட்டமே இயற்றியது. நம் பள்ளிவாசல் முற்றங்களில் நிற்கும் பெட்டிகளின் பற்றவைப்பு எதனால் ஆனது என்று வாங்கும்போது கேட்டவர் யார்?

எம்.கே.பி. நகருக்கு அருகில்தான் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு ஏறத்தாழ 350 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. பழைய பேட்டரி, உடைந்த மின்சாதனம், பெயிண்ட் டப்பா போன்றவை புதைந்த இடத்திலிருந்து கசியும் நீர் பூமிக்குள் இறங்குமானால், ஆழ்குழாய்க் கிணற்று நீருக்கு ஆபத்து. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். பூமிக்குள் நீர் வற்றிப் போனால் உங்களுக்கு ஊற்று நீரைத் தருபவன் யார் என்று ஸூரத்துல் முல்க்கின் இறுதியில் அல்லாஹ் கேட்பதன் பொருள் அந்த ஆண்டு நமக்கு விளங்கிற்று. அத்தகைய நாட்களில் எந்த நீர் கிடைத்தாலும் போதும் என்ற நிலைக்கு மனிதன் வந்துவிடுகிறான். அப்போதுதான் எச்சரிக்கை அதிகம் வேண்டும்.

யார் பொறுப்பு?

தானியக் குவியல் ஒன்றில் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி இதனை மேலே வைக்கலாகாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். மோசடி செய்பவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள். முத்திரை இல்லாத குழாயை நல்ல சரக்கென்று விற்கும் கடைக்காரரும், மலிவான குழாயைப் போட்டுவிட்டு உயர்ந்த சரக்குக்குப் பணம் வாங்கும் பிளம்பரும், குழாய் கெட்டிருப்பது தெரிந்தும் சொல்லாமல் வீட்டை வாடகைக்கு விடுபவரும் அந்த ஈரத்தை மறைத்தவர்களே. காரீயம் அதைவிட ஆழமாக மறைந்திருக்கும் ஈரம்.

காயலான் கடைத் தொழிலில் நம் சமுதாயத்தவர் பலர் இருக்கிறார்கள். ஹலாலான தொழில்தான். ஆனால் பழைய பேட்டரியைத் தெருவில் உடைத்து, அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றி, வீட்டுக் கொல்லையில் காரீயம் உருக்குவோருக்கு அதனை விற்பது எப்படி ஹலாலாகும்? நீர்த்துறையிலும், நடைபாதையிலும், மக்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என்று ஹதீஸ் கூறுகிறது. அரசின் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகளுக்குக் கொடுத்தால் சற்றே லாபம் குறையலாம், பரக்கத்துக் குறையாது.

தெருக்குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சும் வழக்கமும் உண்டு. சட்டப்படி அது குற்றம். மார்க்கப்படி அது அண்டை வீட்டாரின் பங்கைப் பறிப்பது. அம்மட்டோ? மோட்டார் இழுக்கும்போது குழாயின் விரிசல்கள் வழியாகப் பக்கத்துச் சாக்கடையையும் உள்ளே இழுக்கும். பறித்த நீரில் உளூச் செய்து தொழுபவர், தம் வீட்டுக்கும் தெருவுக்கும் நஜீஸைக் கொண்டுவந்தவராகிறார்.

குடிநீர் வாரியம் 1978 முதல் இந்நகரத்தின் நீருக்குப் பொறுப்பேற்று நிற்கிறது. அதிகாரப் பதவி ஓர் அமானிதம். ஃபுராத் நதிக் கரையில் ஓர் ஆட்டுக்குட்டி மாண்டாலும் தாம் கேட்கப்படலாம் என்று அஞ்சினார்கள் உமர் (ரலி) அவர்கள். ஆனால் முறையிட வேண்டியவர்கள் முறையிடாமலிருந்தால் அதிகாரியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஃப்ளின்ட் மக்கள் ஒன்றரை ஆண்டு விடாமல் கேட்டதனால்தான் அவர்களுக்கு நீதியில் ஒரு பகுதியாவது கிடைத்தது.

செய்ய வேண்டியவை

ஒன்று: காலையில் குழாயில் முதலில் வரும் நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம். அதனைக் கொட்டவும் வேண்டாம். ஓடும் ஆற்றங்கரையிலும் வீண்விரயம் கூடாதென்பது நம் மார்க்கம். ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்க, துணி துவைக்கப் பயன்படுத்துங்கள். நஜீஸின் அடையாளம் இல்லையெனில் அதிலேயே உளூவும் செய்யலாம். சுத்தத்தின் சட்டம் வேறு, குடிப்பின் சட்டம் வேறு என்று நாம் கூறியதன் பயன் இங்கே தெரிகிறது.

இரண்டு: குழந்தையின் பால், கஞ்சி, சோறு ஆகியவற்றுக்கான நீரில் தனிக்கவனம் வேண்டும். கிருமிக்காகக் கொதிக்க வையுங்கள். காரீயம் இருப்பது தெரிந்தால் கொதிப்பை நம்பாமல், அதனை நீக்கும் சுத்திகரிப்புக் கருவியை நாடுங்கள். கேன் தண்ணீர் வாங்குவோர் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

மூன்று: ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பள்ளியின் குடிநீரையும் மஹல்லாவில் சில வீடுகளின் நீரையும் ஆண்டுக்கொரு முறை சோதிக்கட்டும். இரவெல்லாம் தேங்கிக் காலையில் வரும் முதல் நீர் ஒரு புட்டி, சில நிமிடம் ஓடவிட்ட பின் வரும் நீர் ஒரு புட்டி என இரண்டாக எடுக்க வேண்டும். முதற்புட்டியில் மட்டும் காரீயம் கண்டால் குற்றம் வீட்டுக் குழாயில். இரண்டிலும் கண்டால் அதற்கப்பால். காரீயத்தைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டே கொடுக்க வேண்டும். கிருமிச் சோதனையில் அது தெரியாது. கிண்டி கிங் நிலைய வளாகத்தில் அரசின் நீர்ப் பகுப்பாய்வுக் கூடம் உண்டு. குழாயில் சாக்கடை கலந்தால் குடிநீர் வாரியத்துக்கு 1916 என்ற எண்ணில் புகார் செய்து, பதிவெண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு: கண்ணுக்கிடும் சுர்மாவிலும் கவனம் தேவை. ஹதீஸில் புகழப்பட்டது இஸ்மித் என்னும் கல். கடையில் சுர்மா என்று விற்கப்படுவது பெரும்பாலும் காரீயக் கல்லின் தூள் என்று சோதனைகள் காட்டியுள்ளன. கைக்குழந்தையின் கண்ணில் அதனைத் தீட்டுவது ஸுன்னத்தாகாது.

சோதனைச் சாலையின் சீட்டுக்கு மார்க்கத்தில் என்ன மதிப்பு என்று சிலர் கேட்கக்கூடும். தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்று நம்பிக்கையான மருத்துவர் சொன்னால், ஃபர்ளான உளூவையே விட்டுத் தயம்மும் செய்ய நம் இமாம்கள் அனுமதித்திருக்கிறார்கள். தொழுகையின் ஷர்த்தான உளூவுக்கே அறிந்தவரின் சொல்லை ஏற்றுக்கொண்ட ஷரீஅத், பிள்ளையின் உயிருக்கு ஏற்றுக்கொள்ளாதா? உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்னும் கருத்தில் திருமறை (2:195) எச்சரித்திருக்கிறது. அதேசமயம் வீண் சந்தேகத்தால் வஸ்வாஸில் விழுந்து உளூவை நான்கு முறை புதுப்பிப்பதும் வேண்டாம். சுத்தத்தில், உறுதியானது சந்தேகத்தால் நீங்காது. தீங்கில், அறிந்தவரைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

தானங்களில் சிறந்தது எது என்று ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது, தண்ணீர் என்று விடை பெற்று, மறைந்த தம் தாயாருக்காகக் கிணறு வெட்டினார்கள். நம் பள்ளிகளிலும் தாய் தந்தையர் பெயர் பொறித்த குளிர்நீர்ப் பெட்டிகள் இருக்கின்றன. அல்லாஹ் அவற்றை ஏற்றுக்கொள்வானாக! அதில் வரும் நீரைச் சோதித்துத் திருத்தி வைப்பதும் அந்தத் தர்மத்தின் பகுதியே. இந்த ஆண்டு ஒருவர் புதிய பெட்டி வாங்கிக் கொடுக்க நினைத்தால், இருக்கும் பெட்டியின் நீரைச் சோதிக்கும் செலவையும் பழைய குழாயை மாற்றும் செலவையும் ஏற்றுக்கொள்ளட்டும். கல்வெட்டில் பெயர் வராது. குடிக்கும் பிள்ளைகளின் நலத்தில் கூலி எழுதப்படும்.

யா அல்லாஹ்! எங்கள் நீரை எங்களுக்குச் சுத்தமானதாகவும் சுகம் தருவதாகவும் ஆக்குவாயாக! எங்கள் பிள்ளைகளின் அறிவையும் உடலையும் வெளிப்படையான தீங்குகளிலிருந்தும் மறைவான தீங்குகளிலிருந்தும் காப்பாயாக! பொறுப்பிலுள்ளவர்களுக்கு உன் அச்சத்தையும், எங்களுக்கு முயற்சியையும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.